பெல்லிங் யாருக்குச் சொந்தம்

திருவான்மியூர்
12.6.2024

அன்புள்ள மர்சலின் அக்காவுக்கு,

மரியே வாழ்க. நானும் எரிக்கும் நலம். உன் காதும் பிரஷரும் எப்படி இருக்கின்றன? போன வாரம் போனில் நான் கத்துவதும் நீ "என்னது, என்னது" என்பதுமாக இருந்ததில், பக்கத்து வீட்டு அமீனா பீ எட்டிப் பார்த்து, "வூட்ல சண்டையா?" என்று கேட்டுவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் எழுத்துப்பிழை பார்க்கிறாய். அதனால் நீ சொன்னபடி தபாலிலேயே எழுதுகிறேன். சொல்ல வந்த விஷயமும் போனில் கத்திச் சொல்கிற விஷயம் இல்லை.

ஜோசையா பெல்லிங்கின் பெரிய நாவலைத் தமிழில் மொழிபெயர்த்து முடித்துவிட்டேன். இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற மாதமே ஆரம்பித்தது. நாலு வருஷம் ஓடிவிட்டது. எரிக்கைத் தவிர யாருக்கும் தெரியாது. தேனாம்பேட்டையில் சின்னதாகப் பதிப்பகம் நடத்தும் ஷண்முகப்ரியா என்ற பெண் புத்தகமாகப் போடுகிறாள். "விக்டோரியா மகாராணி காலத்து ஆளை இப்போ யாரு ஆன்ட்டி படிப்பாங்க?" என்று முதலில் இழுத்தாள். பத்து அத்தியாயம் படித்துவிட்டு, "எங்க சித்தப்பா வீட்டுச் சொத்துத் தகராறு மாதிரியே கீது" என்று அவளே கூப்பிட்டாள். 'குதிரைவண்டிச் சத்திரம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். செப்டம்பரில் வெளியீடு.

ஏன் மறைத்தாய் என்று கேட்பாய். சொல்லியிருந்தால் முதல் பக்கத்தைத் திருத்திக் கொடுத்திருப்பாய். நான் இரண்டாம் பக்கத்துக்குப் போயிருக்கவே மாட்டேன்.

நீ பி.ஏ. படிக்கும்போது அந்த நாவலைச் சத்தம் போட்டுப் படிப்பாய். நான் துணி மடித்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். பாதிதான் புரியும். ஆனாலும் நீ எப்போது நிறுத்திவிடுவாயோ என்று பயமாக இருக்கும். எனக்குப் பெல்லிங் வந்தது அந்த வழியாகத்தான்.

வெளியீட்டு விழாவில் நீ முதல் வரிசையில் இருக்க வேண்டும். எரிக் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

அன்புத் தங்கை,
சான்ட்ரா


மந்தைவெளி
24.6.2024

அன்புள்ள சான்ட்ரா,

உன் கடிதம் வந்து சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. மெட்ரோவுக்குத் தோண்டி வைத்திருக்கும் பள்ளங்களைச் சுற்றிக்கொண்டு தபால்காரரும் எங்கெங்கோ போய் வருகிறார் போலிருக்கிறது. பிரஷருக்கு மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். காதுக்கு மெஷின் வைக்கச் சொல்கிறார்கள். யோசிக்கிறேன்.

வாழ்த்துகள். பி.காம். படித்துவிட்டு பாலிசி பத்திரம் பார்த்துக்கொண்டிருந்தவள் இப்படி ஒரு காரியம் செய்திருப்பது பெரிய விஷயம்தான். நான் அந்த நாவலை முப்பது வருஷம் கல்லூரியில் நடத்தியவள் என்பது உனக்கு ஞாபகம் இருந்திருக்கும். ஒரு சந்தேகத்துக்காவது என்னிடம் வந்திருக்கலாம். உனக்குச் சந்தேகமே வரவில்லையோ என்னவோ.

பி.ஏ.வில் நான் சத்தம் போட்டுப் படித்தது பரீட்சைக்காக. உனக்காக அல்ல.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் மதராஸிலிருந்து திரும்பும் துரை குடும்பத்தோடு ஓர் ஆயா வருகிறாள். பெல்லிங் அவளைக் கூண்டில் அடைத்த மிருகத்தோடு ஒப்பிடுகிறார். அவள் பேசுவதே ஒரு வரி, அதுவும் உடைந்த ஆங்கிலத்தில். அதை என்ன செய்தாய்? வெட்டிவிட்டாயா? அப்புறம், சத்திரத்து முதலாளி பேசுவது இங்கிலாந்துக் கிராமத்துப் பேச்சு. அதற்கு என்ன தமிழ் போட்டிருக்கிறாய்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது எங்கள் டிபார்ட்மென்ட் விக்டர் வழிமறித்து, "தங்கச்சி சாதிச்சிட்டாங்களே, மேடம்!" என்றார். எனக்கு முன்பே அவருக்கு எப்படித் தெரியும்?

எரிக்குக்கு என் அன்பு.

மர்சலின்


திருவான்மியூர்
9.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மரியே வாழ்க. மெஷினை யோசிக்காமல் வைத்துக்கொள். எரிக்கின் முட்டிவலி கொஞ்சம் தேவலை; கடற்கரை வரை நடந்து போய்விட்டு ஆட்டோவில் திரும்புகிறார்.

ஆயாவை வெட்டவில்லை. மிருகம் என்று அவர் எழுதியதையும் மாற்றவில்லை. எழுதியது அவர், வெட்கம் அவருக்கு. ஆனால் அந்த ஒரு வரியில் நின்றுபோனேன். அவள் உடைந்த ஆங்கிலத்தில் நெருப்புக் கேட்கிறாள். மதராஸ்காரி தமிழில் பேசும்போது எதற்கு உடைந்து பேச வேண்டும்? "குளிருதும்மா. அடுப்புப் பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்துக்கட்டுமா?" என்று எழுதினேன். அந்த வரிக்கே ஒரு மாதம் ஆயிற்று.

சத்திரத்து முதலாளிக்கு நம்ம ஊர்ப் பேச்சுதான். "இன்னாடா, கீதாடா" என்றுதான் பேசுகிறார். உனக்குப் பிடிக்காது என்று தெரியும்.

விக்டர் சாருக்குத் தெரிந்த காரணம், முன்னுரை அவர்தான் எழுதுகிறார். ஷண்முகப்ரியா அவருடைய மாணவி, அவளாகவே கேட்டுவிட்டாள். உன்னோடு ஒரே டிபார்ட்மென்ட்டில் இருந்தவர்தானே என்று நானும் தலையாட்டிவிட்டேன். தப்பாக நினைக்காதே.

அச்சுப் பிரதி ஒன்றை இத்துடன் அனுப்புகிறேன். படித்துப் பார்.

அன்புடன்,
சான்ட்ரா


மந்தைவெளி
20.7.2024

அன்புள்ள சான்ட்ரா,

நலம். பிரதி வந்தது. கண்ணில் நீர் வடிகிறது, இப்போதைக்குப் படிக்க முடியாது.

விக்டருக்கு ஹார்டியோ பெல்லிங்கோ யாராக இருந்தாலும் ஒரே முன்னுரைதான். பெயரை மட்டும் மாற்றுவார். தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை.

விழாவுக்கு என்னை நம்பியிருக்காதே. காதில் விழாத கூட்டத்தில் உட்கார்ந்து என்ன செய்ய?

மர்சலின்


திருவான்மியூர்
10.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மரியே வாழ்க. பெசன்ட் நகர் மாதா கோயில் திருவிழா முடிந்தது. காவி உடுத்தி நடந்து வந்த கூட்டத்துக்கு இந்த வருஷமும் எங்கள் தெருவில் மோர் ஊற்றினோம். உனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

விழாவுக்கு நீ வரவில்லை. முதல் வரிசையில் ஒரு நாற்காலியில் என் கைப்பையை வைத்திருந்தேன். கூட்டம் சேர்ந்ததும் விக்டர் சார், "மர்சலின் மேடத்துக்கா? வருவாங்களா?" என்று கேட்டார். "வழியில இருக்காங்க" என்றேன். அவர் பேசி முடிக்கும் வரை பையை எடுக்கவில்லை.

மயிலாப்பூரில்தானே வைத்தோம்? உன் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். உனக்காகத்தான் அந்த ஹாலைப் பிடித்தேன்.

புத்தகம் பரவாயில்லாமல் போகிறது. உடம்பைப் பார்த்துக்கொள். எரிக் விசாரித்தார்.

சான்ட்ரா


திருவான்மியூர்
5.10.2024

அக்காவுக்கு,

நீ நலம் என்று நினைக்கிறேன். மதிப்புரை எழுதுகிற அளவுக்குக் கண் சரியாகிவிட்டது, சந்தோஷம்.

ஷண்முகப்ரியாதான் பத்திரிகையை எடுத்து வந்தாள். "ஆன்ட்டி, உட்கார்ந்து படிங்க" என்றாள். 'பெல்லிங்கை இன்னும் வியக்க வேண்டுமா?' என்று தலைப்பு. கீழே உன் பெயர். எரிக் படித்துவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டார்.

தாது வருஷப் பஞ்சத்தின்போது மதராஸ் ஜனங்களுக்காக லண்டனில் நிதி திரட்டியவர்களைப் பெல்லிங் கிண்டல் செய்து ஒரு கட்டுரை எழுதினார் என்று சொல்லியிருக்கிறாய். இங்கே எலும்பும் தோலுமாக விழுந்துகொண்டிருந்தவர்களைக் களை என்றாராம். எனக்கு இது தெரியாது. தெரிந்த அன்று இரண்டு வேளை சோறு இறங்கவில்லை. அப்படிப்பட்டவனைத் தமிழுக்கு ஏன் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். கேட்க வேண்டிய கேள்விதான்.

ஆனால் ஒன்று சொல். முப்பது வருஷம் பாடம் நடத்தினாயே, அப்போது அந்தக் கட்டுரை எங்கே போயிருந்தது? உன் மாணவிகள் யாராவது கேள்விப்பட்டிருக்கிறார்களா? நான் மொழிபெயர்த்த பிறகுதான் அவர் கெட்டவராகிவிட்டாரா?

அதுகூடப் போகட்டும். மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். அந்த ஆளின் குணம், காலம், வம்சம் எல்லாம் இருக்கிறது. ஆயாவை அவர் கேவலப்படுத்தியதும் இருக்கிறது. அந்த ஆயா தமிழில் என்ன பேசுகிறாள் என்பது இல்லை. என் தமிழைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நன்றாக இருக்கிறது என்று வேண்டாம். மோசம், படு மோசம் என்றாவது எழுதியிருக்கலாம். திட்டியிருந்தால் படித்தாய் என்றாவது தெரிந்திருக்கும். மொழிபெயர்ப்பு என்ற இடத்தில் என் பெயரை ஒரு தடவை போட்டுவிட்டு மேலே போய்விட்டாய். உன் தங்கை என்றும் சொல்லவில்லை.

வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

சான்ட்ரா


மந்தைவெளி
2.12.2024

அன்புள்ள சான்ட்ரா,

நீயும் எரிக்கும் நலமாக இருக்க வேண்டும். மழையில் உங்கள் தெருவில் தண்ணீர் நின்றதா? இங்கே கீழ்வீட்டு வாசல்படி வரை வந்து நின்று வடிந்துவிட்டது.

இரண்டு மாதமாகப் பதில் எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டே இருந்தேன். இப்போதும் நீ கேட்டதற்கு வரிசையாகப் பதில் சொல்ல வராது. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

போன வாரம் அடையாறு காந்தி நகரில் நீ புத்தகத்திலிருந்து படித்துக் காட்டிய கூட்டத்துக்கு நான் வந்திருந்தேன். ஷண்முகப்ரியா எனக்கு நோட்டீஸ் அனுப்பியிருந்தாள்; நீ சொல்லி அனுப்பினாளா, அவளாகவே அனுப்பினாளா என்று தெரியாது. மழையில் ஆட்டோக்காரர், "இந்தத் தண்ணில இன்னாம்மா மீட்டிங்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "என் தங்கச்சி பேசறா" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு ஒன்றும் பெருமையாக இல்லை. நீ தடுமாறுவதைப் பார்க்கத்தான் வந்தேன் என்று நினைக்கிறேன்.

கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். காதில் மெஷின் இருந்தது. நீ சாவுப் படுக்கைக் காட்சியை எடுத்தாய். சத்திரத்து முதலாளி கண்ணை மூடிக் கிடக்கிறார். இரண்டு மருமகன்களும் ஆளுக்கொரு பக்கம் நின்று, சொத்துக்காக ஒருவரை மிஞ்சி ஒருவர் அழுகிறார்கள். கிழவர் ஒரு கண்ணைத் திறக்கிறார். நீ குரலை மாற்றாமல் படித்தாய்: "இன்னாங்கடா, யாரு பூட்டாங்க? எனக்கு ஒருத்தனும் சொல்லவே இல்ல?"

ஹாலே சிரித்தது. மெஷின் போட்ட காதில் அது இடி மாதிரி விழுந்தது. எனக்குப் பக்கத்தில் ஒரு காலேஜ் பெண், டீயைத் துப்பட்டாவில் கொட்டிக்கொண்டு துடைக்காமல் சிரித்தாள். அவள் பாட்டுக்கு என் கையைப் பிடித்து, "சூப்பர்ல ஆன்ட்டி?" என்றாள்.

சான்ட்ரா, அந்தக் காட்சியை எத்தனை வகுப்புகளில் நடத்தியிருக்கிறேன். கரும்பலகையில் 'நகைச்சுவை' என்று எழுதி, கீழே நாலு காரணங்கள் போடுவேன். பெண்கள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். ஒருத்தி சிரித்ததில்லை. நாவல் நமக்கு அன்னியமானது, அதனால்தான் சிரிக்கவில்லை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டிருந்தேன். நீ அரை நிமிஷத்தில் சிரிக்க வைத்துவிட்டாய்.

எனக்கு வயிறு எரிந்தது. இதைவிட நல்ல வார்த்தை தேடினேன், கிடைக்கவில்லை. உன் கடிதம் ஜூனில் வந்த நாளிலிருந்து எரிகிறது. பிரதியை வந்த அன்றே படித்தேன். இரண்டு தடவை படித்தேன். தவறு தேடித்தான் படித்தேன். சில இடங்கள் கிடைத்தன, ஆனால் மதிப்புரையில் சொல்கிற அளவுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அதனால்தான் உன் தமிழைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் நல்லபடியாக எழுத வேண்டியிருக்கும்.

பஞ்சக் கட்டுரை எனக்கு வெகுநாளாகத் தெரியும். அவர் எனக்கு மட்டும் சொந்தமாக இருந்தவரை அவரை நல்லவராகவே வைத்துக்கொண்டேன். நீ எடுத்துக்கொண்டதும் கெட்டவராக்கினேன். அதற்காக அந்தக் கட்டுரை பொய்யாகிவிடாது. பெல்லிங்கை வியக்க வேண்டுமா என்ற கேள்வியை நான் திரும்ப வாங்கமாட்டேன். அது சரியான கேள்வி. கேட்டவள்தான் சரியில்லை.

கூட்டம் முடிந்து எல்லோரும் உன்னைச் சுற்றி நின்றார்கள். நான் படியிறங்கிப் போய்விட்டேன்.

எரிக்குக்கு என் அன்பைச் சொல்.

மர்சலின்


திருவான்மியூர்
16.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மரியே வாழ்க. எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். இப்போது வடிந்துவிட்டது. இருவரும் நலம்.

தூணுக்குப் பின்னால் நீ இருந்தது எனக்குத் தெரியும். உன் பச்சைக் குடையை வாசலிலேயே பார்த்துவிட்டேன். அந்தக் காட்சியை அன்று படிப்பதாகவே இல்லை. நீ வந்திருக்கிறாய் என்றதும் பக்கத்தைப் புரட்டி அதை எடுத்தேன். நல்ல எண்ணத்தோடு எடுத்தேன் என்று சொல்லமாட்டேன்.

இன்னும் மனசு ஆறவில்லை. நீ எழுதியதைப் படித்தபோது ஆறும் என்று நினைத்தேன். கொஞ்சம்தான் ஆறியிருக்கிறது.

ஆனால் உன் கேள்வி என்னை விடவில்லை. அந்தப் பெண் டீயைக் கொட்டிக்கொண்டு சிரித்தாளே, அவளுடைய கொள்ளுத் தாத்தாவின் அப்பனை அந்த ஆள் களை என்றிருக்கிறான். சிரித்ததும் நிஜம், இதுவும் நிஜம். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைத்தால் நான் ஏமாற்றுக்காரி. ஷண்முகப்ரியாவிடம் பேசினேன். இரண்டாம் பதிப்பில் அந்தப் பஞ்சக் கட்டுரையை முழுசாகக் கடைசியில் சேர்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். வாங்குகிறவர்கள் இரண்டையும் ஒரே அட்டைக்குள் படிக்கட்டும். வியக்க வேண்டுமா, காறித் துப்ப வேண்டுமா என்பதை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

அதை நீ மொழிபெயர்த்துத் தா. என்னால் முடியாது. இரண்டு வரி செய்தேன். கோபத்தில் தமிழ் கொச்சையாகிறது.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். கேக்கை எரிக் கொண்டு வந்து தருவார். நான் வரவில்லை.

சான்ட்ரா


மந்தைவெளி
21.1.2025

அன்புள்ள சான்ட்ரா,

கேக் நன்றாக இருந்தது. முந்திரி மட்டும் கொஞ்சம் கடக்முடக். எரிக் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவிடாமல் முட்டிவலியைப் பற்றியே பேசினார். பாவம், நீ சொல்லி அனுப்பியிருப்பாய்.

கட்டுரையை முடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். ஆறு பக்கம். ஒரு மாதம் பிடித்தது. நீ நானூறு பக்கம் எப்படிச் செய்தாய் என்று நடுவில் பல தடவை நினைத்தேன். எரிச்சலோடுதான் நினைத்தேன்.

கஷ்டம் எதில் தெரியுமா? அந்தக் கட்டுரை ஆங்கிலத்தில் அழகாக இருக்கிறது. ஒவ்வொரு வாக்கியமும் பட்டுத்துணி மாதிரி மடங்கி நிற்கிறது. முதல் தடவை அதை அசிங்கமான தமிழில் செய்தேன், படிக்கிறவர்களுக்கு அருவருப்பு வரட்டும் என்று. அப்புறம் படித்தால் அவன் வெறும் முட்டாளாகத் தெரிந்தான். அவன் முட்டாள் இல்லை. சாவுப் படுக்கையில் நம்மைச் சிரிக்க வைத்த அதே கைதான் இதையும் எழுதியிருக்கிறது. அது தெரியாவிட்டால் இதைச் சேர்ப்பதில் அர்த்தமே இல்லை. எல்லாவற்றையும் கிழித்துவிட்டு, அவன் எவ்வளவு அழகாக எழுதினானோ அவ்வளவு அழகாகவே திரும்பச் செய்தேன். செய்து முடித்துக் கை கழுவினேன்.

நான் மொழிபெயர்த்தது இது ஒன்றுதான். எப்படி இருக்கிறது என்று சொல். நல்லவிதமாகச் சொல்ல வேண்டும் என்று இல்லை. மௌனமாக மட்டும் இருக்காதே. அது எப்படி இருக்கும் என்று உனக்குச் செய்து காட்டியவள்தான் கேட்கிறேன்.

மர்சலின்


திருவான்மியூர்
19.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

மரியே வாழ்க. எரிக் நலம். நான் அவ்வளவு நலமில்லை, ஆனால் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உன் ஆறு பக்கம் வந்த அன்று எரிக்தான் முதலில் பிரித்தார். சாப்பாட்டு மேசையில் நின்றபடியே படித்தார். "தோட்டக்காரன் களை பிடுங்கும்போது கண்ணீர் விடுவதில்லை. மதராஸில் வானம் தன் தோட்டத்தைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறது. சீமாட்டிகளே, உங்கள் கைக்குட்டைகளை மடித்து வையுங்கள்" என்ற இடம் வந்ததும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். "அடப்பாவி" என்றார். அந்த இடத்தை இன்னொரு தடவை படித்துவிட்டு, "அக்கா பின்னிட்டாங்க சான்ட்ரா. உடம்பே பதறுது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நாலு வருஷம் அவர் கண்ணெதிரே எழுதினேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படித்துக் காட்டுவேன். "நல்லா கீது" என்பார். ஒரு நாளும் இப்படி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததில்லை.

அப்புறம் நானே எடுத்துப் படித்தேன். அந்தக் "கைக்குட்டைகளை மடித்து வையுங்கள்" என்பதில் இருக்கிற மரியாதையைப் பார்த்தேன். எனக்கு அது வந்திருக்காது. எங்காவது குத்தம் இருக்குமா என்று சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். நீ மட்டும்தான் தவறு தேடிப் படிப்பாய் என்று நினைத்தாயா? புத்தகம் முழுக்க நான் உழைத்திருக்கிறேன், படித்துவிட்டு வெளியே வருகிறவர்கள் கடைசி ஆறு பக்கத்தைத்தான் பேசப் போகிறார்கள். இதை நினைத்து நினைத்து உன் பக்கங்களை பீரோவில், புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். ஷண்முகப்ரியா போன் செய்து கேட்டபோது, "அக்கா இன்னும் அனுப்பலை" என்று பொய் சொன்னேன். இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை அவள், "மேடம் வயசானவங்க, பாவம், விட்டுடலாமா ஆன்ட்டி? விக்டர் சார்கிட்ட கேட்கவா?" என்றாள்.

விக்டர் சார் என்றதும் எனக்கு வந்த கோபத்தில் பீரோவைத் திறந்தேன்.

இன்று காலை தேனாம்பேட்டைக்குப் போய் அவள் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை. மாற்றத்தான் பார்த்தேன். இடம் கிடைக்கவில்லை.

எரிக் உன்னை விசாரித்தார். நான் இந்த வாரம் விசாரிப்பதாக இல்லை.

சான்ட்ரா